போனை வாங்காதீங்க தம்பி, அவங்க கையிலேயே இருக்கட்டும்

வடசென்னை ரீசார்ஜ் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். ஜி.ஏ. ரோடு, காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் உங்களில் ஒருவருடைய கடை இருக்கிறது. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெரியவர்கள், "தம்பி, பொண்ணு மூஞ்சி தெரியல, கொஞ்சம் பாரு" என்று போனை எடுத்துக்கொண்டு உங்களிடம்தான் வருகிறார்கள். அதனால்தான் இதை மாநகராட்சிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு 74 வயது. தம்பி குவைத்தில் இருக்கிறான். அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். வேலை முடிந்து அவன் 7 மணிக்குக் கூப்பிட்டால் இங்கே ஒன்பதரை. அம்மா அதுவரை தூங்காமல் போனைத் தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மணி அடிக்கும். எடுக்க வராது. அடித்து ஓய்ந்துவிடும்.

ஒரே வாரத்தில் மூன்று முறை பக்கத்துக் கடைக்குப் போனார். அந்தப் பையன் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை, காசும் வாங்கவில்லை. போனை வாங்கினான், ரெண்டு தட்டு தட்டினான், "சரியாயிடுச்சு ஆயா" என்று திருப்பிக் கொடுத்தான். நல்ல பிள்ளை. ஆனால் அவன் விரல் போன வேகத்துக்கு அம்மாவின் கண் போகவில்லை. நாலாவது முறை போகக் கூச்சப்பட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். பதினோரு நாள் தம்பி முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டதற்கு, "அவனுக்கு என்ன வேலையோ, நான் ஏன் தொந்தரவு பண்ணணும்" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. போன் பூட்டியிருக்கும்போது வாட்ஸ்அப் கால் வந்தால் பச்சை வட்டத்தை மேலே தள்ள வேண்டும். போன் திறந்திருந்தால் மேலே ஒரு பட்டை வரும், அதில் 'ஆன்சர்' என்பதைத் தட்டினாலே போதும். ஒரே கால், எடுப்பதற்கு இரண்டு விதம். அம்மா இரண்டிலும் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். மகள் நானே அதுவரை இதைச் சொல்லிக் கொடுத்ததில்லை.

விரலையும் கவனியுங்கள். பட்டன் போன் பழக்கத்தில் அவர்கள் அழுத்திப் பிடிக்கிறார்கள். விரல் கொஞ்சம் கூடுதலாக நின்றாலே டச் போன் அதை லாங் பிரஸ் என்று எடுத்துக்கொண்டு வேறு எதையோ திறந்துவிடும். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டிக்குள் 'டச் அண்ட் ஹோல்ட் டிலே' இருக்கிறது. அதை நீளமாக வைத்துக் கொடுங்கள். வறண்டுபோன தோலை டச் சரியாக உணராது. ஈரத்துணியில் விரலைத் துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவரின் போன் தொட்டதையெல்லாம் தானே பேச ஆரம்பித்துவிட்டது. ஒரு கடையில் "சாஃப்ட்வேர் போயிடுச்சு" என்று 800 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். அது டாக்பேக், பார்வையற்றவர்களுக்காக இருக்கும் வசதி. பல போன்களில் இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்து மூன்று விநாடி பிடித்தால் ஆன் ஆகும், அதேபோல் பிடித்தால் ஆஃப் ஆகும். அவருடைய போனும் அப்படியே அடங்கியது. தெரிந்தே 800 கேட்டிருந்தால் அது பெரிய பாவம்.

நான் கேட்பது இதுதான். வாரத்தில் ஒரு நாள், கூட்டம் இல்லாத மதியம் மூன்று மணிக்குக் கடை ஓரமாக ஒரு ஸ்டூல் போடுங்கள். வருகிறவரின் போனை வாங்காதீர்கள். உங்கள் கை துறுதுறுக்கும், கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் போனிலிருந்து அவருக்கு வீடியோ கால் போடுங்கள், அவரே எடுக்கட்டும். பூட்டி வைத்து ஐந்து தடவை, திறந்து வைத்து ஐந்து தடவை. பிறகு அவர் உங்களுக்குப் போடட்டும். மகன், மகளின் வாட்ஸ்அப் சாட் பக்கத்தை அவர்கள் படத்தோடு போனின் முகப்பில் ஷார்ட்கட்டாக வைத்துக் கொடுங்கள். எழுத்துப் படிக்கத் தெரியாதவருக்கும் பிள்ளை முகம் தெரியும். ரீசார்ஜ் போடும்போதே "வீடியோ கால் பேசுவீங்களா?" என்று கேளுங்கள். பேசுவதற்கு மட்டுமான பேக்கைப் போட்டுவிட்டு, நெட் இல்லாமல் போன் கெட்டுவிட்டதென்று நினைப்பவர்கள் நிறைய.

வீடியோ கால் எடுக்கப் பழகிய பிறகுதான் ஆபத்தும் வருகிறது. போலீஸ் உடுப்பில் ஒருவன் திரையில் தோன்றி 'டிஜிட்டல் அரெஸ்ட்', அதாவது வீடியோ காலிலேயே உங்களைக் கைது செய்துவிட்டோம் என்று மிரட்டிப் பணம் கேட்பான். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. வாட்ஸ்அப் பிரைவசியில் தெரியாத எண்களின் கால் மணி அடிக்காமல் செய்ய முடியும். அதைப் போட்டுவிடுவதற்கு முன் பிள்ளைகளின் வெளிநாட்டு எண்கள் எல்லாம் சேவ் ஆகியிருக்கின்றனவா என்று பாருங்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைப் பெரிதாக எழுதிப் போன் கவரின் பின்னால் ஒட்டுங்கள். ரகசிய PIN நம்பரை அவர்கள் உங்களிடம் சத்தமாகச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

இதற்குக் காசு வாங்குங்கள். இருபதோ ஐம்பதோ, உங்கள் நேரத்துக்கான கூலி அது. சும்மா செய்து கொடுத்தால் அடுத்த முறை கேட்கக் கூச்சப்படுகிறார்கள். காசு கொடுத்தவர் "இன்னொரு வாட்டி காட்டுப்பா" என்று உரிமையோடு கேட்பார்.

அம்மா இப்போது தானே எடுக்கிறார். பாதி நேரம் தம்பிக்கு நெற்றியும் மின்விசிறியும்தான் தெரிகிறதாம். அவன் "கீழ இறக்கும்மா" என்பதும் இவர் இறக்குவதும் பக்கத்து அறைவரை கேட்கிறது.

வருகிற வியாழன் மூன்று மணிக்கு எதிர்வீட்டு அம்மாக்கள் இருவரை எங்கள் தெருக் கடைக்கு அழைத்து வருகிறேன். ஸ்டூல் இல்லையென்றால் சொல்லுங்கள், வீட்டிலிருந்து எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
ஒரு மகள்
பழைய வண்ணாரப்பேட்டை