அம்மிணிக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள அம்மிணிக்கு,

சுகமாக வீடு வந்து சேர்ந்தோம். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். அம்மாவின் மூட்டுவலி அப்படியேதான். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

அம்மா ஊரெல்லாம் டிராம் வண்டியைப் பற்றிப் பேசுகிறாள். நான் மெல்போர்ன் மைதானத்து விளையாட்டு அருங்காட்சியகத்தைப் பற்றி. 1877இல் அங்கே நடந்த முதல் டெஸ்டில் ஆஸ்திரேலியா 45 ரன்னில் வென்றது. நூற்றாண்டுக்காக 1977இல் அதே மைதானத்தில் ஆடியபோதும் அதே 45 ரன். இதை வகுப்பில் சொன்னால் "பி.டி. சார் கதை விடுகிறார்" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். முதல் டெஸ்டில் 165 அடித்த பேனர்மன், விரல் கிழிந்துதான் வெளியேறினார். அணி மொத்தமே 245.

வேலைநாள் என்பதால் கூட்டமில்லாமல் நிதானமாகப் பார்த்தோம். செவ்வாய்க்கிழமை. விடுப்பு என்றாய். மறுநாள் கடற்கரைக்குப் போனபோதும் விடுப்பு என்றாய். நாங்கள் வந்திருக்கிறோமே என்று எடுத்திருப்பாய். போன தடவை வாசல் கொக்கியில் உன் அலுவலக அட்டை தொங்கும். இந்தத் தடவை குடைதான் இருந்தது. இடம் மாற்றி வைத்திருப்பாய். காலைச் சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதே.

கேத்தி ஃப்ரீமன் சிட்னியில் போட்டு ஓடிய உடையின் முன்னால் நீ நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. 2000 ஒலிம்பிக்கில் 400 மீட்டர், 49.11 நொடி. வென்றதும் ஓடுதளத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நாடே எதிர்பார்த்த ஓட்டம், உட்காராமல் என்ன செய்வார்? உனக்கும் அதே 400தான். ஈரோட்டில் வெறுங்காலோடு ஓடி மாவட்டத்தில் முதலாவதாக வந்தவள் நீ. அந்தச் சான்றிதழைத் தேடி எடுத்துச் சட்டம் போட்டிருக்கிறேன். ஆனால் அப்போதெல்லாம் கால் பிசகினால் முதலில் என்னிடம்தான் வருவாய். இப்போது ஃபோன் செய்தால் "அப்புறம் கூப்பிடுகிறேன்ப்பா" என்கிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை.

1956 ஒலிம்பிக் ஹாக்கி இறுதியாட்டமும் அந்த மைதானத்தில்தான். பாகிஸ்தானை 1–0 என்று வென்றோம். அந்த ஒலிம்பிக்கில் நம் மேல் ஒரு கோல்கூட விழவில்லை. கேப்டன் பல்பீர் சிங்குக்கு முதல் ஆட்டத்திலேயே வலது கை விரல் முறிந்துவிட்டது. வெளியே தெரியவிடாமல் மறைத்தார்கள். தெரிந்தால் எதிரணிக்குத் தெம்பு வந்துவிடும். மறைத்தது எதிரணிக்காக. சொந்த அணிக்காரர்களுக்கு எல்லாம் தெரியும். கூட ஆடுகிறவனுக்கே சொல்லாவிட்டால் பந்தை யாரிடம் தள்ளுவது? இதை அங்கேயே உன்னிடம் சொல்ல நினைத்தேன். அம்மா பக்கத்தில் இருந்தாள்.

பெரியப்பா வீட்டு விசேஷத்தில் உன் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்கள். அது கேட்கிற கேள்வியா என்றேன்.

மஞ்சள் விற்ற பணம் வங்கியில் சும்மா கிடக்கிறது. மாதாமாதம் அனுப்புவதை நிறுத்திக்கொள். என் ஓய்வூதியமே மிச்சமாகிறது. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். மாப்பிள்ளையிடமும் இதைச் சொல். அவருக்குத் தெரியும்தானே?

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணு. ஞாயிறு காலை அம்மா பாரியூர் கோயிலுக்குப் போய்விட்டு வரப் பத்து மணியாகும். எட்டரைக்குக் கூப்பிடு. வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன்.

அப்பா