ஆகஸ்ட் 31-க்குள் ₹4,18,000 வேண்டும்: வானோக்குக் கூடத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர்,

வணக்கம். அம்மன் அருளாலும் உங்கள் ஆதரவாலும் தொலைநோக்கி வழியே வானம் பார்க்க நூலக மொட்டைமாடியில் தொடங்கிய வானோக்குக் கூடம் லிண்டல் மட்டம் தாண்டி நிற்கிறது. உண்மையைச் சொன்னால், நின்றே விட்டது. தள்ளினால் நகரும் கூரைக்கு இரும்பு வேலை முன்பணம் கட்ட ஆகஸ்ட் 31 கடைசி நாள். அதற்குமேல் பழைய விலைக்கு முடியாது என்று பட்டறைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்வதற்கில்லை, ஏற்கெனவே இரண்டு முறை நமக்காகத் தவணை கொடுத்தவர். ஐப்பசி அடைமழைக்குள் கூரை ஏறாவிட்டால், நன்கொடையாக வந்த பத்து அங்குலத் தொலைநோக்கி இன்னொரு மழைக்காலத்தையும் தார்ப்பாய்க்குள் கழிக்க வேண்டும். போன மழையில் கண் வைத்துப் பார்க்கும் வில்லை ஒன்றில் பூஞ்சை படர்ந்துவிட்டது. தொலைநோக்கியின் பெரிய ஆடிக்கும் (கண்ணாடிக்கும்) அது பரவினால் இந்த ஊரில் சரிசெய்ய ஆள் கிடையாது.

இந்த ஊருக்கு எதற்கு வானோக்குக் கூடம் என்று இன்னமும் சிலர் கேட்கிறார்கள். ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருந்துகொண்டு கேட்கக்கூடிய கேள்வியா இது? தலைக்கு மேலே காவலூர் வான் ஆய்வகம் இருக்கிறது. 1960-களின் கடைசியில் வானியலாளர் வைணு பாப்பு, சந்தனக் காட்டுக்கு நடுவே 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றை வைத்துத் தொடங்கிய இடம். 1986-இல் அங்கே நிறுவிய 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்தது. இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அந்த இரவில்தான். 1988-இல் அங்கு கண்டுபிடித்த குறுங்கோளுக்கு (சூரியனைச் சுற்றும் சிறு பாறைக் கோள்) கணிதமேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள்.

பெரியவர்கள் இதைவிடப் பின்னாலும் போகச் சொல்கிறார்கள், போகிறோம். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வான் ஆய்வகத்தின் கருங்கல் தூண் இன்னும் இருக்கிறது, அதில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. அந்த ஆய்வகத்தில் இருந்துதான் 1861-இல் வானியலாளர் நார்மன் போக்சன் ஒரு குறுங்கோளைக் கண்டு அதற்கு ‘ஆசியா’ என்று பெயரிட்டார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அதைப் பொதுமக்களுக்கு விளக்கிப் புத்தகமே போட்டவர் அவர். அந்த வரிசையில் நம் ஊர்ப் பிள்ளை ஒன்று வரக்கூடாதா?

கூடத்தின் கீழ்த்தளத்தில் விண்கல் அறை வருகிறது. தொலைநோக்கிக்கு வானம் தெளிவாக இருக்க வேண்டும், கல்லுக்கு அது தேவையில்லை. இந்த மண்ணில் கற்கள் விழாமலும் இல்லை. 1857 பிப்ரவரி 28 அன்று அன்றைய மதுரை மாவட்டத்தில் பர்னல்லி விண்கல் விழுந்தது. மொத்தம் 77 கிலோ, அதன் பெரிய துண்டு இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1898-இல் பழனி மலையில் கிடைத்தது கொடைக்கானல் இரும்பு விண்கல். பீகாரில் 1865-இல் ஷெர்காட்டியில் விழுந்த கல் செவ்வாயில் இருந்து வந்தது. அதே வகைச் செவ்வாய்க் கற்கள் உலகில் எங்கே கிடைத்தாலும் அந்த ஊர்ப் பெயரால்தான் அழைக்கிறார்கள். நம் நாட்டில் விழும் கற்களைக் காப்பது கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. அதனால் நமக்கு வருபவை வெளிநாட்டுத் துண்டுகள். ரசீதோடு வாங்கியவை, அல்லது அன்பளிப்பாக வந்தவை.

இப்போது கையில் இருப்பது இரண்டு. ஒன்று 1947-இல் ரஷ்யாவின் சிகோட்டே-அலின் மலையில் விழுந்த இரும்பு. மேலெல்லாம் ஈரக் களிமண்ணில் கட்டைவிரலை அழுத்தி எடுத்ததுபோல் பள்ளம் பள்ளமாக இருக்கும், காற்றில் எரிந்து வந்த தடம் அது. இன்னொன்று ஸ்வீடனின் முவோனியோனலுஸ்தா, உள்ளங்கை அகலச் சீவல். மெருகேற்றி அமிலத்தில் நனைத்த முகத்தில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. நிக்கல் குறைந்த இரும்பும் நிக்கல் மிகுந்த இரும்பும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து நிற்கும் கோடுகள். உருகிய உலோகம் ஒரு குறுங்கோளின் வயிற்றுக்குள் லட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல மெல்லக் குளிர்ந்தால்தான் இது உண்டாகும், எந்த உலையிலும் செய்ய முடியாது. அந்தச் சீவலின் ஓரத்தில் இப்போது பழுப்பு நிறத்தில் துரு கசிகிறது. நூலகரின் மேசை இழுப்பறையில் வைத்திருந்தால் வேறு என்ன ஆகும்? ஈரம் புகாத பெட்டி ஒன்றின் விலை ₹38,000.

கூடம் வெறும் வேடிக்கைக்கு அல்ல என்பதற்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டும். 2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளிப் பக்கம் ஒரு கல்லூரி வளாகத்தில் நடந்த வெடிப்பில் ஒருவர் உயிரிழந்தார். விண்கல் விழுந்து இறந்தார் என்று உலகம் முழுக்கச் செய்தி போயிற்று. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகளோ தரையில் நடந்த வெடிப்பாகத்தான் தெரிகிறது என்றார்கள். அதற்குப் பிறகு நம்மிடம் வந்த ‘விண்கற்கள்’ ஒரு சாக்கு இருக்கும். காந்தம் ஒட்டியது என்று கொண்டுவருகிறார்கள், உலைக் கசடும்தான் ஒட்டும். உடைத்த இடத்தில் குமிழ்த் துளைகள் இருந்தால் அநேகமாகக் கசடு. பீங்கான் ஓட்டின் மெருகில்லாத பக்கத்தில் தேய்த்துச் சிவப்புக் கோடு விழுந்தால் சாதாரண இரும்புத் தாது. புதிதாக விழுந்த கல்லுக்கு மெல்லிய கரிய மேல்தோல் இருக்கும். இதையெல்லாம் கையில் கொடுத்துச் சொல்லித்தர ஓர் இடம் வேண்டாமா?

கணக்குக்கு வருவோம். நகரும் கூரையோடு மாடி அறை ₹6,20,000. தொலைநோக்கி நிற்கும் கான்கிரீட் தூண் ₹45,000 (கட்டடத்தோடு ஒட்டாமல் தனியாக எழுப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் நடந்தாலே படம் ஆடும்). படிக்கட்டும் கைப்பிடியும் ₹1,10,000. கண்ணாடி அலமாரிகள் ₹1,35,000. ஈரம் புகாப் பெட்டி ₹38,000. விண்கல் மாதிரிகள் ₹1,60,000. மின்வேலையும் சிவப்பு விளக்குகளும் ₹52,000. ஆக மொத்தம் ₹11,60,000. வந்தது ₹7,42,000. குறைவது ₹4,18,000.

கொடுத்தவர்களை மறக்க முடியாது. பணிக்கொடையில் இருந்து ஒரு லட்சம் எடுத்துக் கொடுத்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது? துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் தம்பிகள் கூட்டாக அனுப்பிய ₹2,10,000 இல்லையென்றால் அஸ்திவாரமே போட்டிருக்க முடியாது. ஜமாஅத் ₹50,000 தந்தது, தேவாலயம் ₹25,000 தந்தது, மாரியம்மன் கோயில் விழாக் குழு அறக்கட்டளைக் கணக்கில் இருந்து ₹51,000 தந்ததோடு நாற்காலியும் ஒலிபெருக்கியும் வாடகை இல்லாமல் கொடுத்தது. ஆம்பூர் தோல் தொழிற்சாலைக்குப் போய்வரும் அக்காமார் ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு ₹18,500 சேர்த்துப் பேருந்து நிறுத்தத்திலேயே கையில் கொடுத்தார்கள். கொத்தனார் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைக் கூலியை வாங்கவே இல்லை, பெயர் போடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். இத்தனை பேருக்கும் ஊர் கடன்பட்டிருக்கிறது.

இன்னொரு கடனும் இருக்கிறது. அடிக்கல் நாட்டு விழா மேடையில் தொகை அறிவித்து, பொன்னாடையும் கைதட்டலும் பெற்றுக்கொண்டவர்களிடம் இருந்து இன்னும் ₹1,35,000 வரவில்லை. அது வந்தால் பற்றாக்குறை ₹2,83,000 ஆகக் குறையும். பெயர்களை இந்த மாதம் எழுதப் போவதில்லை. கும்பாபிஷேகத்துக்கு ஒரே தையில் நாற்பது லட்சம் திரட்டிய ஊர் இது. சாமி காரியத்துக்கு எதிராக இதைச் சொல்லவில்லை. சனிக்கிழமை தவறாமல் எள் தீபம் ஏற்றி நவக்கிரகத்தைச் சுற்றுகிறோம், சனியை ஒருமுறையாவது கண்ணாரப் பார்த்திருக்கிறோமா? 2025 மார்ச்சில் நம் பார்வைக்கு விளிம்பாகத் திரும்பி மறைந்த அதன் வளையம் இப்போது மறுபடி விரிந்து வருகிறது. பத்து அங்குல ஆடியில் அது தெளிவாகத் தெரியும். பேரப்பிள்ளைகளுக்கு அதைக் காட்டுவதும் நம் கடமைதான்.

திறப்பு விழா டிசம்பர் 14 அதிகாலை, ஜெமினிட் எரிகல் பொழிவு உச்சத்தில் இருக்கும் நேரத்தில். நள்ளிரவுக்கு மேல் எல்லோரும் மாடிக்கு வரலாம். தெருவிளக்குகளை அன்றைக்கு மட்டும் அணைக்கப் பேரூராட்சியிடம் மனு கொடுத்திருக்கிறோம்.

காசோலை, வங்கிப் பரிமாற்றம் எதுவும் செய்யலாம். கணக்கு விவரம் நூலக அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. ₹2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிச் சலுகை கிடைக்காது என்பதைக் கவனிக்கவும். அந்தச் சலுகைக்கான சான்றுக்கு விண்ணப்பித்திருக்கிறோம், வந்ததும் தெரிவிப்போம். வரிசை எண் அச்சிட்ட ரசீது இல்லாமல் குழுவினர் பெயரைச் சொல்லி யார் கேட்டாலும் பணம் தர வேண்டாம். ₹5,000-க்கு மேல் தருவோர் பெயர் கல்லில் பொறிக்கப்படும், வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடவும். சிமெண்டு, மணல், கம்பியாகத் தருபவர்கள் தயவுசெய்து முதலில் மேஸ்திரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வானோக்குக் கூடக் கட்டடக் குழுவினர்