மூல நிரலைத் திறக்கும் முன்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இத்தனை வருடம் பூட்டி வைத்திருந்த மென்பொருளின் மூல நிரலைத் திறக்கப் போகிறீர்கள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். நெட்ஸ்கேப் நிறுவனம் தன் இணைய உலாவியின் நிரலைத் திறந்த பிறகும், அதிலிருந்து பிறந்த மொசில்லா 1.0 உலாவி வர ஏன் நாலு வருஷம் பிடித்தது என்று கேட்டிருந்தாய். உங்கள் வேலைக்கு நேராகப் பொருந்துகிற கேள்வி.

1998 ஜனவரி 22-ல் அறிவிப்பு, மார்ச் 31-ல் வெளியீடு. இடைப்பட்ட இரண்டு மாதத்தில் பெரும்பாடு வெட்டி எடுப்பதுதான். பிறரிடம் உரிமம் வாங்கிச் சேர்த்த பகுதிகளை அவர்கள் சம்மதம் இல்லாமல் வெளியிட முடியாது. ஜாவா நிரல்மொழிக்கான பகுதி போனது. தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்கப் பகுதியை அமெரிக்க ஏற்றுமதிச் சட்டம் தடுத்தது. மின்னஞ்சல் பகுதியும் வரவில்லை. யூனிக்ஸ் இயங்குதளத்துக்கான திரை முகப்போ மோட்டிஃப் மேல் கட்டியது. அன்று அது காசு கொடுத்து வாங்க வேண்டிய நிரல் நூலகம். உதவிக்கு ஓடி வரக்கூடிய லினக்ஸ்காரர்கள் நிரலை ஓடும் மென்பொருளாக மாற்றும், அதாவது கம்பைல் செய்யும் இடத்திலேயே முட்டிக்கொண்டார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் வலைப்பக்கத்தைத் திரையில் அடுக்கும் எஞ்சினில். ஒரு முறை அடுக்கிவிட்டால் பிறகு கைவைக்க முடியாதபடி எழுதப்பட்ட நிரல் அது. அட்டவணை ஒன்று இருந்தால் அதை மூடும் குறி வந்து சேரும்வரை உள்ளே இருப்பது எதுவும் திரையில் தெரியாது. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் நடை விதிகளை (சிஎஸ்எஸ்), பக்கத்தை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் வழியாகவே செயல்படுத்தினார்கள். அதனால் நெட்ஸ்கேப் 4-ல் ஜாவாஸ்கிரிப்டை அணைத்தால் சிஎஸ்எஸ்ஸும் சேர்ந்தே அணைந்துவிடும். இதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய வழியில்லை. 1998 அக்டோபர் கடைசியில் பழையதை விட்டுவிட்டு, பின்னாளில் கெக்கோ என்று பெயர் பெற்ற புதிய எஞ்சினுக்கு மாறினார்கள். அதில் உள்ளடக்கத்துக்குக் கிளை கிளையாகப் பிரியும் ஒரு மரம், திரையில் விழும் பெட்டிகளுக்கு இன்னொரு மரம். ஒரு படத்தின் அளவு தாமதமாகத் தெரிந்தால் பாதிக்கப்பட்ட கிளையை மட்டும் குறித்து மறுபடி அடுக்கினால் போதும்.

அந்த முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன். தவறு வேறு இடத்தில்: எஞ்சினோடு சேர்த்து முகப்பையும் எக்ஸ்யூஎல் என்ற புது மொழியில் முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஆடும்போது, பிழை எதில் என்று கண்டுபிடிப்பதே தனி வேலை. 2000 நவம்பரில் நெட்ஸ்கேப் 6 அரைவேக்காடாக வந்தது, மொசில்லா 1.0 வெளிவர 2002 ஜூன் 5 ஆகிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஃபீனிக்ஸ் 0.1 உலாவியை மட்டும் தனியே பிரித்து இளைக்க வைத்தது. அதன் பெயர் பிறகு ஃபயர்பேர்ட், 2004-ல் ஃபயர்பாக்ஸ் என்று மாறியது.

இத்தனை வருடம் அந்தத் திட்டம் கலையாமல் நின்றதற்கு இரண்டு கருவிகளைச் சொல்வேன். ஒன்று, யாரும் பிழையைப் பதியக்கூடிய பக்ஸில்லா. மற்றது டிண்டர்பாக்ஸ்: பல இயந்திரங்கள் நிரலிலிருந்து மென்பொருளை ஓயாமல் உருவாக்கி (பில்ட் செய்து), சரியாக வந்தால் பச்சை, உடைந்தால் சிவப்பு, சோதனை தோற்றால் ஆரஞ்சு என்று ஒரே பக்கத்தில் காட்டியது. சிவப்பு விழுந்தால், கடைசிப் பச்சைக்குப் பிறகு நிரல் சேர்த்த எல்லோரும் பொறுப்பு என்பது அன்றைய விதி. அது சரியாகும்வரை புதிதாக எதுவும் சேர்க்க விடமாட்டார்கள்.

ஆகவே நீங்கள் தேதி அறிவிக்கும் முன், ஒன்றுமே நிறுவாத ஒரு இயந்திரத்தில், உங்கள் குழுவில் இல்லாத ஒருவரை உட்காரவைத்து, நீங்கள் எழுதிய குறிப்பை மட்டும் வைத்து பில்ட் செய்யச் சொல். அவர் எங்கெல்லாம் நின்றார் என்று எழுதி வை. வெளியார் நூலகங்களின் பட்டியலை உரிமத்தோடு எனக்கு அனுப்பு. எதை வெட்டுவது, எதற்கு மாற்று தேடுவது என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் நண்பன்