பாதி கடிதம் கார்பன் தாளில்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கல்லூரிக் காப்பகத்தில் உன்னிடம் ஒப்படைத்திருக்கும் பெட்டியைப் பற்றி எழுதியிருந்தாய். அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒருவரும், அவரிடம் ஆடிவிட்டுப் போருக்குப் போன பையன் ஒருவனும் 1942 முதல் 1945 வரை எழுதிக்கொண்டவை. எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிவிட்டதாகவும், அடுத்து என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறாய். அடுக்கிய வரிசையிலேயே படிக்கக் கூடாது, வருத்தப்படாதே. காரணத்தைச் சொல்கிறேன்.

அதற்கு முன், இந்தப் பெட்டியில் இருபக்கக் கடிதங்களும் எப்படித் தப்பின என்பதை மனதில் வைத்துக்கொள். முகாம் விட்டு முகாம் போகும் சிப்பாயால் வந்த கடிதங்களைச் சேர்த்துவைக்க முடியாது. வீட்டுக்கு எழுதிய கடிதங்களை அம்மாவோ மனைவியோ எடுத்துவைத்திருப்பார்கள். வீட்டிலிருந்து அவனுக்குப் போனவை பெரும்பாலும் மண்ணோடு போயின. பயிற்சியாளருக்கோ அலுவலகம் இருந்தது, டைப்ரைட்டர் இருந்தது, சொல்லச் சொல்ல அடிக்க ஆள் இருந்தார். ஒவ்வொரு கடிதத்துக்கும் அடியில் கார்பன் தாளும், அதன் கீழே வெங்காயச் சருகு மாதிரி ஒரு மெல்லிய தாளும் வைத்து அடித்தார்கள். அசல் கடல் தாண்டிப் போனது, நகல் கோப்பில் தங்கியது. கான்சஸ் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஃபாக் ஆலன் தன் பழைய ஆட்டக்காரர்களுக்குத் தனித்தனியாக எழுதியதோடு, ‘ஜேஹாக் ரீபவுண்ட்ஸ்’ என்ற செய்திமடலையும் அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருவன் எழுதிய சேதி அந்த மடல் வழியாக மற்றவர்களுக்கும் போய்ச் சேரும். உன் பெட்டியிலும் சுற்றுக்கு விட்ட மடல்கள் இருந்தால் அவற்றைத் தனிக் கடிதங்களோடு கலக்காதே. ஆனால் எந்தக் கடிதத்திலிருந்து எந்த வரி மடலுக்குப் போனது என்று குறித்து வை.

கார்பன் நகல் முழுக் கடிதம் இல்லை. அடித்து முடித்துத் தாளை உருவிய பிறகு பயிற்சியாளர் பேனாவால் போட்ட கையெழுத்து, திருத்தம், கடைசியில் கிறுக்கிய ‘பின்குறிப்பு’ எதுவும் நகலில் விழாது. பல நேரம் அவர் மனசு அந்தப் பின்குறிப்பில்தான் இருந்திருக்கும். பையனின் அடுத்த கடிதம் நகலில் இல்லாத ஒன்றுக்குப் பதில் சொல்கிறதென்றால், கடிதம் ஏதோ தொலைந்துவிட்டது என்று அவசரப்பட்டு எழுதிவிடாதே. கையால் சேர்த்த வரியாகவும் இருக்கலாம். நகலின் அடியில் இடது ஓரத்தில் சில எழுத்துகள் இருக்கும். முதலில் இருப்பவை சொன்னவரின் முதலெழுத்துகள், அடுத்தவை அடித்தவருடையவை. அடித்தவரின் எழுத்து மாறினால் அலுவலகத்தில் ஆள் மாறியிருக்கிறது. அதே இடத்தில் ‘இணைப்பு’ என்று குறித்திருந்தால் அதை விடாதே. அந்த ஒரு சொல்லை வைத்துக் கடிதம் எந்த வழியில் போனது என்று சொல்லலாம்.

காரணம் வி-மெயில், அதாவது படைவீரர் கடிதங்களைப் படமெடுத்துச் சுருக்கி அனுப்பிய போர்க்கால அஞ்சல் முறை. அமெரிக்காவில் 1942 ஜூன் 15-ல் தொடங்கி 1945 நவம்பர் 1-ல் நிறுத்தினார்கள். சுமார் 7 அங்குலம் அகலம், 9 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான உயரம் கொண்ட படிவத்தில் ஒரே பக்கம் எழுத வேண்டும். அதை 16 மி.மீ. ஃபிலிமில் படமெடுத்து, ஃபிலிமை மட்டும் விமானத்தில் அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் சுமார் நாலேகால் அங்குலத்துக்கு ஐந்தேகால் அங்குலப் புகைப்படத் தாளில் அச்செடுத்துக் கொடுத்தார்கள். ஒன்றரை லட்சம் கடிதங்களுக்கு 37 பைகள் தேவைப்பட்டது ஒரே பைக்கு வந்தது, 2,575 பவுண்டு எடை 45 பவுண்டானது. கப்பலில் ஒரு மாதம்வரை இழுத்தது பன்னிரண்டு நாளிலோ அதற்கு முன்போ கிடைத்தது. ஆனால் படமெடுக்கும் தாளோடு வேறெதையும் வைக்க முடியாது. ஆட்டச் செய்தி வந்த பத்திரிகைத் துணுக்கை அனுப்ப நினைத்த பயிற்சியாளர் சாதாரண அஞ்சலைத்தான் நாட வேண்டும். ஆகவே ‘இணைப்பு’ என்று குறித்த கடிதம் உறையில் போனது. கப்பலில் போயிருந்தால், பின்னால் எழுதிய வி-மெயில் அதற்கு முன்பே பையன் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அடுக்கிய வரிசையில் படிக்காதே என்று சொன்னது இதனால்தான். எழுதிய தேதிப்படி படித்தால் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் காதில் வாங்காதவர்கள் மாதிரி தெரியும். பையன் தகப்பனாரின் உடம்பைப் பற்றிக் கவலையோடு கேட்டிருப்பான், அடுத்த தாளில் பயிற்சியாளர் சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றி உற்சாகமாக எழுதியிருப்பார். கல்நெஞ்சு என்று நினைத்துவிடாதே. அந்தக் கேள்வி அப்போது அவரிடம் வந்தே சேர்ந்திருக்காது.

ஒரு நோட்டில் நான்கு பத்தி போடு: எழுதிய தேதி, கிடைத்த தேதி, எதற்குப் பதில், எந்த வழி. கிடைத்த தேதிக்குத் தலைப்பில் அலுவலக முத்திரையோ, பதில் எழுதியாயிற்று என்ற பென்சில் குறிப்போ இருக்கிறதா பார். இல்லாவிட்டால் பதிலின் முதல் வரியைப் பார். ‘இன்ன தேதிக் கடிதம் இன்று காலை வந்தது’ என்று தொடங்குவது அந்தக் கால அலுவலக வழக்கம். உதாரணத்துக்கு, ஜனவரி 10-ல் பையன் எழுதியது பிப்ரவரி 9-ல் வந்து, 11-ல் பதில் போனது என்று வை. ஜனவரி 20-ல் பயிற்சியாளர் எழுதியது இதற்குப் பதில் ஆகாது. நடுவழியில் ஒன்றையொன்று தாண்டிப் போனது. பெட்டிக்குள் தாள்கள் எழுதிய தேதிப்படியே இருக்கட்டும், பிறர் தேடி எடுக்க அதுதான் வசதி. ஆனால் நீ படிப்பதும் விளக்கக் குறிப்பு எழுதுவதும் இந்த நோட்டின்படி இருக்க வேண்டும். வி-மெயில் உறையில் உள்ள அஞ்சல் முத்திரையை எழுதிய தேதியாக எடுத்துக்கொள்ளாதே. வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் அது அமெரிக்காவில் அச்செடுத்த பிறகு விழுந்தது.

எல்லா வி-மெயில் தாளும் படமெடுக்கப்பட்டதில்லை. வசதி இல்லாத இடங்களிலிருந்து படிவம் அப்படியே வந்ததும் உண்டு. முழு அளவில், சாதாரணத் தாளாக இருந்தால் அது பையன் கைபட்ட அசல். சின்னதாக, சற்று வழவழப்பாக, சுருளப் பார்த்தால் அது புகைப்பட அச்சு. அதன் அசல் இப்போது எங்கும் இல்லை. ஃபிலிம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததும் அழித்துவிடுவார்கள்.

இனி முகவரி. தரைப்படைக்காரன் என்றால் பெயருக்குப் பின்னால் வரிசை எண் இருக்கும். எட்டு இலக்க எண் 1-ல் தொடங்கினால் தானாகச் சேர்ந்தவன், 2 என்றால் நேஷனல் கார்டு என்ற மாநிலத் துணைப்படையிலிருந்து வந்தவன், 3 என்றால் கட்டாய ஆள்சேர்ப்பில் போனவன். அதிகாரிகளின் எண்ணுக்கு முன்னால் ‘ஓ’ இருக்கும். பதவி உயர்ந்து எண் மாறியதைப் பார்த்து வேறு ஆள் என்று பிரித்துவிடாதே. ஏ.பி.ஓ. எண், அதாவது தரைப்படை அஞ்சல் நிலைய எண்தான் அவன் எங்கே இருந்தான் என்பதற்கு உனக்கு உள்ள கயிறு. நியூயார்க் வழி என்றால் பெரும்பாலும் அட்லாண்டிக் பக்கம், சான்ஃபிரான்சிஸ்கோ வழி என்றால் பசிபிக் பக்கம். டிவிஷனுக்கென்று உள்ள எண் டிவிஷனோடு கூடவே நகரும். ஆகவே எண்ணோடு தேதியையும் சேர்த்துத்தான் பட்டியலில் தேட வேண்டும். திடீரென்று நான்கைந்து இலக்க எண் வந்தால் அது தற்காலிக எண்ணாக இருக்கலாம், ஆள் பயணத்தில் இருக்கிறான். கடற்படையும் மரீன்களும் என்றால் ஃப்ளீட் போஸ்ட் ஆபீஸ்.

தணிக்கை பற்றிப் பலரும் தப்பாக நினைக்கிறார்கள். சாதாரணச் சிப்பாயின் கடிதத்தைப் படித்தது தூரத்தில் இருந்த யாரோ இல்லை, அவனுடைய யூனிட் அதிகாரியே. காலையில் கட்டளையிடும் ஆள் மாலையில் அவன் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறார். அந்தக் கூச்சத்தை மனதில் வைத்துப் படி. அதைத் தவிர்க்க நீல உறை என்று ஒன்று இருந்தது. அதில் போட்டால் யூனிட்டில் பிரிக்காமல் மேல் தணிக்கை நிலையத்தில் பார்ப்பார்கள். அதிகாரிகள் தங்கள் கடிதத்தில் தாங்களே கையெழுத்திட்டு அனுப்பலாம், ஆனால் மேலிடத்தில் பிரித்துப் பார்க்கும் உரிமை இருந்தது. இடம், படை நகர்வு, ஆயுதம், சேதம் எதுவும் எழுதக் கூடாது. முகாமில் ஆடிய கூடைப்பந்து ஆட்டத்தைப் பற்றி எழுதலாம். ஆகவே ஆட்டத்தைப் பற்றிய வரிகளை வெறும் அரட்டை என்று தாண்டிப் போகாதே, மனம்விட்டு எழுத அவனுக்கு மிஞ்சிய இடம் அது. பிளேடால் வெட்டிய ஓட்டை இருந்தால் பின்பக்கத்தில் எந்த வரி சேர்ந்து போயிற்று என்றும் குறி. மை பூசியிருந்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார். டைப் அடித்ததோ அழுத்தி எழுதியதோ என்றால் சில நேரம் தடம் தெரியும். மையைக் கரைக்கிறேன் என்று எதையும் தடவாதே.

தேதியே இல்லாத தாள்களுக்கு ஆட்டமே பஞ்சாங்கம். நாலாவது ஃபவுலில் ஆள் வெளியேறினால் 1944-45 சீசனுக்கு முந்தையது. அந்த சீசனிலிருந்துதான் ஐந்து. கூடைக்கு இறங்கும் பந்தைத் தட்டிவிடுவது தவறு என்ற புது விதியைப் பற்றிப் புலம்பலோ பாராட்டோ இருந்தால் அதுவும் அந்த சீசன் வாக்கில்தான். என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் இறுதி ஆட்டங்களையும் கைவசம் வைத்துக்கொள்: 1942-ல் ஸ்டான்ஃபோர்டு 53, டார்ட்மவுத் 38. 1943-ல் வயோமிங் 46, ஜார்ஜ்டவுன் 34. 1944-ல் கூடுதல் நேரத்தில் யூட்டா 42, டார்ட்மவுத் 40. 1945-ல் ஓக்லஹோமா ஏ அண்ட் எம் 49, நியூயார்க் பல்கலைக்கழகம் 45. ‘நம்ம உயரம்தான் காப்பாத்துச்சு’ என்ற மாதிரிப் பேச்சு வந்தால், ஆறடி ஆறு அங்குலத்துக்கு மேலிருந்தால் தரைப்படை எடுக்காது என்பதை நினைவில் வை. நெட்டை ஆட்டக்காரர்களான ஜார்ஜ் மைக்கனும் பாப் கர்லண்டும் போர்க்காலம் முழுக்கக் கல்லூரியில் ஆடியது அதனால்தான். ‘டீமே போயிடுச்சு’ என்பதும் மிகைப்படுத்தல் இல்லை. 1942 நவம்பரில் ஆள்சேர்ப்பு வயது 18-க்கு இறங்கியது. 1943-ல் இல்லினாய், 17 வெற்றி ஒரு தோல்வி என்று இருந்தும், முக்கிய ஆட்டக்காரர்களைப் படைக்கு அழைத்துவிட்டதால் என்.சி.ஏ.ஏ. போட்டிக்கே போகவில்லை.

தாள்களைக் கையாள்வது உனக்குத் தெரியும், இருந்தாலும் இந்தப் பெட்டிக்கென்று சில. கடிதங்களுக்குத் துணிக் கையுறை வேண்டாம், விரல் உணர்வு போய் ஓரம் கிழியும். கழுவி நன்றாக உலர்த்திய கை போதும். வி-மெயில் அச்சு புகைப்படம், அதற்கு மட்டும் நைட்ரைல் கையுறை. சுருண்டிருந்தால் அழுத்தி விரிக்காதே, மேல்பூச்சு வெடிக்கும். ஈரப்பதம் கொடுத்து விரிக்க ஆவணப் பாதுகாப்புப் பிரிவிடம் கொடு. துருப்பிடித்த ஜெம் கிளிப்பை இழுக்காமல், இருபுறமும் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகிக் கழற்று. கார்பன் எழுத்து விரல் பட்டாலே இழுபடும், ரப்பர் வைத்துச் சுத்தம் செய்யாதே. பத்திரிகைத் துணுக்குகளை உடனே பிரித்து வை, அவற்றின் அமிலம் பக்கத்துத் தாளைப் பழுப்பாக்கும். இருந்த இடத்தில் குறிப்புச் சீட்டு மட்டும் இருக்கட்டும். வி-மெயிலை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய், எழுத்து அவ்வளவு பொடி. உறைகளின் இருபுறமும் ஸ்கேன் ஆக வேண்டும்.

இவ்வளவு மெனக்கெடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1973 ஜூலை 12-ல் செயின்ட் லூயிஸ் ஆவண மையத்தில் பிடித்த தீயில் 1.6 கோடிக்கும் மேற்பட்ட படைவீரர் கோப்புகள் போயின. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம். அந்தப் பையன் தரைப்படை என்றால், எந்த மாதம் எங்கே இருந்தான் என்று வரிசையாகச் சொல்ல இந்தப் பெட்டி மட்டுமே மிஞ்சியிருக்கலாம்.

கடைசியாக, பெட்டியின் அடியில் பிரிக்காத உறைகள் மூன்று தனியாகக் கட்டி இருப்பதாக எழுதியிருந்தாய். முகப்பில் ‘இறந்துவிட்டார்’ என்ற முத்திரையும் ஓர் அதிகாரியின் கையெழுத்தும், அனுப்பியவருக்குத் திருப்பும்படி கை நீட்டிய குறியும் இருக்கும். வீட்டாருக்குத் தந்தி போய்ச் சேர்ந்தது உறுதியாகும்வரை இப்படிப்பட்ட தபாலை நிறுத்திவைப்பார்கள். அதனால் திரும்பி வரப் பல வாரம் ஆகும். அதற்குள் பயிற்சியாளர் இன்னொன்று எழுதியிருப்பார், அதற்கடுத்து இன்னொன்றும். உன் நோட்டில் அவற்றுக்குக் ‘கிடைத்த தேதி’ பத்தியைக் காலியாக விடு. திரும்பி வந்த தேதியைப் பக்கத்தில் எழுது. உறைகளைப் பிரிக்க வேண்டியதில்லை. அவர் பிரிக்காமல் வைத்தபடியே இருக்கட்டும். உள்ளே டைப் அடித்திருப்பது கார்பன் நகல்களில் இருக்கிறது, தேதியை வைத்து எடுத்துப் படித்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்