மாலை வகுப்பு மடிக்கணினிகளின் விசைகளைச் சீரமைக்க அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
மாலை வகுப்புப் பொறுப்பாளர்,
தோட்டப் பொது மண்டபம்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.

பெறுநர்:
மாவட்ட அதிகாரி அவர்கள்,
கோல சிலாங்கூர் மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் எங்கள் ஊரில், பழைய தோட்ட மண்டபத்தில் வாரம் மூன்று மாலை பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறேன். உதவித் திட்டம் ஒன்றில் கிடைத்த ஆறு மடிக்கணினிகள் உள்ளன. ஜப்பானில் உழைத்துவிட்டு இங்கே வந்தவை. லினக்ஸ் என்னும் இயங்குதளம் போட்டுத் தந்தார்கள். வேகத்தில் குறையில்லை, விசைப்பலகையில்தான் சிக்கல்.

இடைவெளிப் பட்டைக்கு இடப்புறம் முஹென்கான், வலப்புறம் ஹென்கான் என்று இரண்டு விசைகள். தட்டியதைக் காஞ்சி எனப்படும் சீன வழி எழுத்தாக மாற்றவும், மாற்றாமல் விடவும் ஜப்பானியர் வைத்துக்கொண்டவை. எங்களுக்குக் காஞ்சி வேண்டாம். ஆனால் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஒரே மாலையில் தமிழ்க் கட்டுரையும் மலாய்க் கட்டுரையும் தட்டுகிறார்கள். மொழி மாற்ற இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு விரல் எட்டுவதில்லை. "சார், இந்தப் பட்டன் சும்மாதானே இருக்கு, இதுலயே மாத்திக் கொடுங்களேன்" என்று ஒரு சிறுமி ஹென்கானைத் தொட்டுக் காட்டினாள். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

அழுத்தும் விசையின் எண்ணைக் காட்டும் எக்ஸ்இவி நிரலில் அழுத்திப் பார்த்தேன். ஹென்கானுக்கு 100, முஹென்கானுக்கு 102 என்று காட்டுகிறது. ஆக, கணினிக்கு அவை தெரிகின்றன. வேலை கொடுக்கத்தான் ஆளில்லை. நான் கொடுத்தாலும் நிற்பதில்லை. அணைத்துத் திறந்தால் எல்லாம் பழையபடி ஆகும்படி பராமரிப்புக் குத்தகையாளர் பூட்டி வைத்திருக்கிறார். நிர்வாகக் கடவுச்சொல்லும் அவரிடமே. மூன்று முறை அழைத்தேன். "விசைப்பலகை உடையலையே" என்பதே பதில்.

மைக்கை அடைக்கும் விசையின் கதை வேறு. மழை வந்தால் தகரக் கூரைச் சத்தத்தில் இணைய வகுப்பே மூழ்கிவிடும். அப்போதுதான் அந்த விசை வேண்டும், ஆனால் அது வேலை செய்வதில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கருவகம் அதற்கு 248 என்று எண் வைத்திருக்கிறது. இந்தக் கணினிகளில் ஓடும் எக்ஸ்11 திரையமைப்பு எந்த எண்ணோடும் 8 கூட்டிக்கொள்ளும் (92 ஆக இருந்த ஹென்கான் அப்படித்தான் 100 ஆனது). 255க்கு மேல் ஏற்காது. இது 256. ஒரே ஓர் எண்ணில் வெளியே நிற்கிறது! எஃப்20 என்னும் வேறொரு விசையின் எண்ணுக்குத் திருப்பிவிட்டால் மைக் விசையாகவே எடுத்துக்கொள்ளும்.

பண உதவி கேட்கவில்லை, ஐயா. எந்த விசையை எதுவாக எடுத்துக்கொள்வது என்று லினக்ஸுக்குச் சொல்லும் யூடெவ் வன்பொருள் தரவுத்தளத்தில் சில வரிகள் கொண்ட ஒரு கோப்பும், மொழி மாற்றும் விசைக்குப் பொது அமைப்பில் ஒரு வரியும் சேர்க்க அனுமதி வேண்டும். குத்தகையாளரின் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கடவுச்சொல்லை அவரே தட்டட்டும். எனக்கு அது தெரிய வேண்டியதில்லை. ஆறு கணினிகளுக்கும் ஒரு மாலை போதும். குத்தகையாளருக்கு அறிவுறுத்தல் கடிதம் ஒன்று அனுப்பி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் மாலை 5 மணிக்கு மேல் மண்டபம் திறந்திருக்கும். இம்மனுவின் மலாய்ப் படியும், சேர்க்க வேண்டிய கோப்பின் அச்சுப்படியும் இணைத்துள்ளேன்.

நன்றி.

இப்படிக்கு,
மாலை வகுப்புப் பொறுப்பாளர்