சதுப்பு நிலத்து ஓநாயின் நெகட்டிவைத் தேடிப் பாருங்கள்

1970களில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட ஓநாய் மனிதன் படங்களின் உரிமையை இன்று வைத்திருக்கும் ஸ்டூடியோக்களுக்கும், அவர்களுடைய ஃபிலிம் கிடங்குகளைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் கிடங்கில் எத்தனையோ பெரிய படங்கள் இருக்கும். விருது வாங்கியவை, வசூலை அள்ளியவை எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கும். நான் எழுதுவது அவற்றைப் பற்றி அல்ல. ஏதோ ஒரு மூலை அலமாரியில், ஒன்றேகால் மணி நேரமே ஓடும் சில படங்களின் பெட்டிகள் இருக்கக் கூடும். ஒரு தடவை ஒளிபரப்பி, அப்புறம் உள்ளூர் நிலையங்களுக்கு வாடகைக்கு விட்டு, அதோடு மறந்துபோன படங்கள். அந்தப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எனக்கு இந்தப் படங்கள் அறிமுகமானது ஒரு மலிவு விலை டிவிடி தொகுப்பில். ஒரே தட்டில் நாலைந்து படங்களை நெருக்கி அடைத்திருந்தார்கள். அதில் ஒன்றுதான் ‘மூன் ஆஃப் தி வுல்ஃப்’. படம் ஓட ஆரம்பித்ததும் என் டிவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மரம், தண்ணீர், ஷெரிஃபின் சட்டை, செத்துக் கிடந்த பெண்ணின் முகம் எல்லாம் ஒரே செம்மண் நிறம். வசனம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல இருந்தது. ஆனாலும் எழுந்து போக முடியவில்லை. அமெரிக்காவின் தெற்கே லூசியானாவின் சதுப்பு நிலத்தில் விடியற்காலையில் ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. காட்டு நாய்கள் கடித்திருக்கும் என்கிறார்கள். உடலைப் பார்த்த டாக்டரோ, நல்ல பலமுள்ள இடது கைக்காரன் ஒருவன் அடித்த அடி இது என்கிறார். ஊரில் ஆளுக்கு ஒரு ரகசியம். படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவர் மட்டும் யாருக்கும் புரியாத ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பிதற்றுகிறார்: ‘லூக்கரோக்’.

அது என்ன வார்த்தை என்று ஷெரிஃப் ஊர் முழுக்க விசாரிக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. நியூயார்க்கிலிருந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கும் பண்ணைவீட்டுப் பெண்தான் கடைசியில் முடிச்சை அவிழ்க்கிறாள். கிழவர் சொன்னது ‘லூ-கரூ’. ஓநாயாக மாறும் மனிதனுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர். லூசியானாவில் குடியேறிய பிரெஞ்சு வழி மக்களின் வாயில் அது ‘ரூகரூ’ என்றெல்லாம் உருமாறிப் பாட்டி கதைகளில் இன்றும் வாழ்கிறது. அந்தப் பெண் அந்த வார்த்தையை உச்சரித்த நொடியில் எனக்குக் கை மயிர் சிலிர்த்தது. திரையில் அதுவரை ஓர் ஓநாய்கூட வரவில்லை! ஒரு அறை, இரண்டு பேர், ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

இந்த ரசனையைப் பழைய நினைவின் ஏக்கம் என்று உங்களில் சிலர் ஒதுக்கிவிடக் கூடும். அந்தப் படம் ஏபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது 1972 செப்டம்பர் 26, செவ்வாய்க்கிழமை இரவு. அன்று எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகளாகப் போர்வைக்குள்ளிருந்து பார்த்தவர்களுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. அவர்களுக்கு ஏக்கம் இருக்கத்தான் செய்யும், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நான் அந்த இரவில் அங்கே இல்லை. எனக்கு அந்த நாட்டில் பால்யமும் இல்லை. செம்மண் நிறத்தில் பார்த்தும் இந்தப் படம் என்னைப் பிடித்துக்கொண்டது என்றால், அதற்குக் காரணம் படத்துக்குள்ளேதான் இருக்கிறது.

அதை எடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். இயக்கியவர் டேனியல் பெட்ரி. அதற்குப் பதினோரு வருடங்களுக்கு முன், கறுப்பினக் குடும்பம் ஒன்றின் கதையான ‘எ ரெய்சின் இன் தி சன்’ படத்தை இயக்கியவர். ஷெரிஃபாக நடித்த டேவிட் ஜான்சன் ‘தி ஃப்யூஜிடிவ்’ தொடரில் போலீஸுக்குத் தப்பி ஓடுபவராக நாலு வருடம் ஓடி ஓடி அமெரிக்கா முழுக்கத் தெரிந்த முகம். பார்பரா ரஷ், பிராட்ஃபோர்ட் டில்மன், ஜெஃப்ரி லூயிஸ் என்று கூட நடித்தவர்கள் எல்லாரும் தொழில் தெரிந்தவர்கள். இவர்கள் யாரும் இதை ஏனோதானோ என்று செய்யவில்லை. ஜான்சனின் முகத்தில் படம் முழுக்க ஒரு களைப்பு இருக்கும், தூங்காமல் ராத்திரி ரோந்து போன மனிதனின் களைப்பு. ஓநாய் இருக்கிறது என்பதை நம்ப மனசில்லாமல், நம்பாமல் இருக்கவும் முடியாமல் அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, நமக்கு வேஷத்தின் தரம் ஒரு பொருட்டாகவே தெரியாது.

அந்த வேஷத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிண்டல் எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. முகத்தில் மயிர் ஒட்டி, பல் மாட்டி, மூக்கைக் கறுப்பாக்கிய வேஷம். 1981இல் ‘ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்’ படத்தில் ரிக் பேக்கர் நம் கண்ணெதிரே எலும்பும் தோலும் நீள மனிதனை ஓநாயாக்கிக் காட்டி ஆஸ்கரும் வாங்கிய பிறகு, அதற்கு முந்தையவை எல்லாம் பொம்மை விளையாட்டு போலத் தெரிய ஆரம்பித்தன. ஆனால் 1972இல் டெலிஃபிலிம் எடுத்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு வாரத்தை ஒட்டிய படப்பிடிப்பும் கையடக்கமான பட்ஜெட்டும்தான். அந்த நெருக்கடியில் அவர்கள் கண்டுபிடித்த வழி, ஓநாயைக் காட்டாமல் ஓநாய் வரும் இடத்தைக் காட்டுவது. சிறைக் கம்பி பிய்ந்து கிடப்பதைக் காட்டுவார்கள். நடுராத்திரியில் ஒலிக்கும் தவளைச் சத்தம் சட்டென்று நிற்பதைக் கேட்க வைப்பார்கள். பணம் இல்லாததால் பிறந்த கலை இது. அதை ஒரு குறையாக நான் பார்க்கவில்லை.

டான் கர்ட்டிஸ் இயக்கி ரிச்சர்ட் மாதிசன் எழுதிய ‘ஸ்க்ரீம் ஆஃப் தி வுல்ஃப்’ (1974) இன்னும் ஒரு படி மேலே போகிறது. கொலை நடந்த இடத்திலிருந்து காலடித் தடம் போகிறது. முதலில் நாலு கால். கொஞ்ச தூரத்தில் அது இரண்டு காலாகிறது. அப்புறம் தடமே இல்லை. மண்ணில் பதிந்த நாலு பள்ளங்களுக்கு என்ன செலவு ஆகியிருக்கும்? ஆனால் என்னிடம் இருந்த பிரதியில் அந்தத் தடமே சரியாகத் தெரியவில்லை. மண்ணும் நிழலும் கலந்து ஒரே சேறு. நாயகனாக நடித்த பீட்டர் கிரேவ்ஸின் முகத்தில் தெரிந்த அதிர்ச்சியை வைத்துத்தான் அங்கே ஏதோ இருக்கிறது என்று ஊகித்தேன்.

இங்கேதான் உங்கள் வேலை வருகிறது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பவை பெரும்பாலும் உள்ளூர் நிலையங்களுக்கு அனுப்பிய 16 மில்லிமீட்டர் பிரிண்டுகளிலிருந்து எப்போதோ வீடியோவுக்கு மாற்றியவை. அந்தக் கால ஈஸ்ட்மன் கலர் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறிப் போகும். மிஞ்சுவது சிவப்பு. நான் என் டிவி கெட்டுவிட்டது என்று நினைத்த அந்தச் செம்மண் நிறம் அதுதான். ஆனால் படம் எடுத்தது 35 மில்லிமீட்டரில். அந்த மூல நெகட்டிவ் உங்கள் கிடங்கில் குளிரில் கிடந்தால், சதுப்பு நிலத்தின் பச்சை இன்னும் அதில் இருக்கும். சரியான குளிரில் இல்லாமல் போயிருந்தால், பெட்டியைத் திறக்கும்போதே வினிகர் வாடை அடிக்கும். அந்த வாடை வந்துவிட்டால் ஃபிலிம் சுருங்கி நெளிய ஆரம்பித்துவிட்டது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் இன்றே திறந்து பாருங்கள் என்கிறேன்.

‘தி வேர்வுல்ஃப் ஆஃப் வுட்ஸ்டாக்’ (1975) நிலைமை வேறு. அது ஃபிலிமில் எடுக்கப்படவில்லை, வீடியோ டேப்பில் எடுத்து நள்ளிரவு நேரத்தில் ஒளிபரப்பியது. வுட்ஸ்டாக் இசை விழா முடிந்த கையோடு, அங்கே கூடிய ஹிப்பி இளைஞர்களைக் கண்டாலே ஆகாத ஒரு விவசாயி மின்னல் தாக்கி ஓநாயாக மாறும் கதை. ஒரு தேசம் தன் பிள்ளைகளைப் பார்த்தே பயந்த காலத்தை இவ்வளவு நேரடியாகச் சொன்ன ஓநாய்ப் படம் எனக்கு வேறு தெரியாது. அந்தக் காலத்து டேப்புகளை அழித்து அதன் மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்வது வழக்கமாக இருந்தது. இதன் மூல டேப் எங்காவது தப்பிப் பிழைத்திருந்தால், அதை முதலில் கையில் எடுங்கள். ஃபிலிமைவிட டேப்புக்கு ஆயுள் குறைவு.

எடுத்தபின் என்ன செய்ய வேண்டும் என்பதிலும் எனக்குச் சில வேண்டுதல்கள் உண்டு.

சதுர வாக்கில் எடுத்த படத்தை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டாதீர்கள். சுத்தம் செய்கிறேன் என்று ஃபிலிமின் மணிமணியான தன்மையைத் துடைத்து முகங்களை மெழுகாக்காதீர்கள். ஒட்டிய மயிரின் விளிம்பு தெரிந்தால் தெரியட்டும். அதைக் கம்ப்யூட்டரில் மறைக்கவோ புது ஓநாயைச் செருகவோ வேண்டாம். விளம்பர இடைவெளிக்காகத் திரை இருண்டு மீளும் இடங்களையும் வெட்டிவிடாதீர்கள். தொண்ணூறு நிமிடத்தில் விளம்பரத்துக்குப் போனது போக மீதியில் கதை சொன்னவர்கள், அந்த இருட்டுக்கு ஒரு நொடி முன்னால்தான் கதவைத் தட்ட வைப்பார்கள். அந்த இருட்டும் எழுத்தின் பகுதிதான்.

இரவுக் காட்சிகளை ரொம்பவும் பொறுமையாகச் செய்யுங்கள். பட்டப்பகலில் எடுத்து, பிரிண்ட் போடும்போது இருட்டாக்கி இரவாகக் காட்டுவது அந்தக் காலத்துச் சிக்கன வழி. டே ஃபார் நைட் என்பார்கள். இதைத் தெரியாதவர் கையில் அந்த நெகட்டிவ் போனால், வெளிச்சத்தைக் கூட்டிப் பளிச்சென்று ஆக்கிவிடுவார். பௌர்ணமி ராத்திரியில் ஊளையிட வேண்டிய ஓநாய் உச்சி வெயிலில் நிழலோடு ஓடும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். ஒளிப்பதிவாளர் செய்யாத தப்புக்கு அவர் ஐம்பது வருடமாகச் சிரிப்பு வாங்கிக்கொண்டிருக்கிறார். இரவை அவருக்குத் திருப்பிக் கொடுங்கள்.

அப்புறம் திரையின் அடியில் ஓடும் வசன எழுத்து. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு லூசியானாப் பேச்சு சட்டென்று பிடிபடாது, எழுத்தை நம்பித்தான் பார்க்கிறோம். இயந்திரம் தானாகப் போட்ட எழுத்தோடு ஒரு முறை பார்த்தேன். கிழவர் ‘லூக்கரோக்’ என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அது வேறு வேறு வார்த்தையைக் காட்டியது. கதையின் பூட்டே அந்த வார்த்தைதான். பூட்டு எது என்றே தெரியாமல் போனால் சாவி கிடைத்த சந்தோஷம் எப்படி வரும்? காது கூர்மையான ஒரு மனிதரை உட்கார வைத்து அதை எழுத வையுங்கள்.

இதெல்லாம் நடக்காத காரியம் அல்ல. அதே 1972இல், அதே ஏபிசிக்காக எடுத்த ‘தி நைட் ஸ்டாக்கர்’ என்ற ரத்தக் காட்டேரி டெலிஃபிலிமை 2018இல் நெகட்டிவிலிருந்து 4கே தரத்தில் மீட்டு வெளியிட்டார்கள். அதையும் நான் முதலில் மங்கல் பிரதியில்தான் பார்த்திருந்தேன். மீட்ட பிரதியைப் போட்ட அன்று, லாஸ் வேகாஸின் நியான் விளக்குகள் காருக்குப் பின்னால் ஒவ்வொன்றும் தனித்தனி நிறமாக எரிவதைப் பார்த்துப் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு ரத்தக் காட்டேரிக்குக் கிடைத்த மரியாதை இந்த ஓநாய்கள் எல்லாவற்றுக்கும் கிடைக்க வேண்டும். ஹவாய்த் தீவில் மூதாதையரின் சாபத்தைச் சுமந்து திரியும் ‘டெத்மூன்’ (1978) ஓநாய்க்கும்.

இன்னொன்று. டேவிட் ஜான்சன் 1980இலேயே, 48 வயதில் போய்விட்டார். இயக்குநர் பெட்ரி 2004இல். லூயிஸ் 2015இல், டில்மன் 2018இல். அந்த வார்த்தையின் முடிச்சை அவிழ்த்த பார்பரா ரஷ் 97 வயது வரை இருந்தார், 2024 மார்ச்சில் காலமானார். அவரை உட்கார வைத்து அந்தச் சதுப்பு நிலத்து ராத்திரிகளைப் பற்றிப் பேச வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று செய்தியைப் படித்த அன்றிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன். கேமராவுக்குப் பின்னால் வேலை பார்த்த உதவியாளர்கள், ஒலிப்பதிவில் கை கொடுத்தவர்கள், மயிர் ஒட்டிய இளைஞர்கள் யாராவது இன்னும் இருந்தால், அவர்களையாவது தேடிப் பிடித்து ஒரு மணி நேரம் பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். டிவிடியில் சேர்க்க இடம் இல்லை என்றாலும் பரவாயில்லை, பதிவு செய்து வையுங்கள்.

எத்தனை பிரதி விற்கும் என்று கேட்பீர்கள். என்னால் எண்ணிக்கை சொல்ல முடியாது. இந்தப் படங்களை விரும்புகிறவர்களை நான் ஓரளவு அறிவேன். ஏற்கனவே மோசமான பிரதியை மூன்று தடவை, நாலு தடவை காசு கொடுத்து வாங்கியவர்கள். ஒவ்வொரு தடவையும் இதிலாவது பச்சை தெரியுமா என்ற நப்பாசையோடு வாங்கியவர்கள். நல்ல பிரதி வந்தால் வரிசையில் முதல் ஆளாக நிற்பார்கள். நானும் நிற்பேன்.

பெட்டியைத் திறந்து நெகட்டிவ் எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் முதலில் பார்த்துச் சொல்லுங்கள். நன்றாக இருந்தாலும் சரி, கெட்டுப் போயிருந்தாலும் சரி, உள்ளதைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் அந்தச் செம்மண் நிறப் பிரதியையே வைத்திருக்கும்
ஒரு ரசிகன்