பாலிசியை வாங்கிக்கொள்கிறோம் என்று போன் வந்தால்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இரண்டு மாதமாக எங்கள் அலுவலகப் படியேறுகிறவர்களில் பலர் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "எல்ஐசி பாலிசியை நாங்களே வாங்கிக்கறோம், சரண்டர் பண்ணினா கிடைக்கிறதைவிட கூடவே தர்றோம்னு போன் வருதுங்க. கொடுக்கலாமா?" (சரண்டர் என்றால் பாலிசியைப் பாதியிலேயே முடித்து, நிறுவனம் அப்போது தருகிற தொகையை வாங்கிக்கொள்வது.) போன வாரம் ஓர் அம்மா பாண்டை, அதாவது பாலிசிப் பத்திரத்தை, மஞ்சள் பையில் போட்டே எடுத்து வந்துவிட்டார். மறுநாள் காலை வீட்டுக்கு ஆள் வருவதாகப் பேச்சாம். தலைக்குத் தலை சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரு தடவை எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

பாலிசியை இன்னொருவருக்கு எழுதிக் கொடுப்பது குற்றம் இல்லை. வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கிக்கு எழுதிக் கொடுத்தீர்களே, அதே அசைன்மென்ட்தான். 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 38ஆம் பிரிவு இதற்கு வழி செய்கிறது. பாண்டின் மேலேயோ தனிப் பத்திரத்திலோ எழுதி, கையெழுத்திட்டு, ஒரு சாட்சியாவது வைத்து, நிறுவனத்துக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், பாலிசிகளை வாங்கி விற்பதையே தொழிலாக வைத்து மும்பையில் ஒரு நிறுவனம் கிளம்பியபோது. 2003லும் 2005லும் எல்ஐசி சுற்றறிக்கை விட்டு, இப்படிப்பட்ட மாற்றங்களைப் பதிவு செய்ய முடியாது என்றது. வழக்கு நடந்தது. 2007இல் பம்பாய் உயர் நீதிமன்றமும், 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் எல்ஐசிக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்லின. 'கோர்ட்டே சொல்லிடுச்சு சார்' என்று போனில் பேசுகிறவர்கள் காட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான். ஆனால் அது பழைய சட்டத்தின் மேல் வந்த தீர்ப்பு. அதற்கு முன்பே, 2015 மார்ச்சில், நாடாளுமன்றம் 38ஆம் பிரிவைத் திருத்திவிட்டது. பாலிசி வியாபாரத்துக்காகவே மாற்றம் நடக்கிறது, அல்லது பாலிசிதாரருக்கு நல்லதில்லை என்று நம்பப் போதிய காரணம் இருந்தால் நிறுவனம் மறுக்கலாம். காரணத்தை எழுத்தில், 30 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். உடன்பாடு இல்லையென்றால் இன்னொரு 30 நாளுக்குள் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயிடம் போகலாம். போனில் பேசுகிறவர் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

இனி லைசென்ஸ் விஷயம். உங்களுக்குப் பாலிசி விற்கிற எங்களைப் போன்ற முகவர் பரீட்சை எழுதித் தேற வேண்டும், ஒரு நிறுவனம் எங்களை முறைப்படி நியமிக்க வேண்டும், ஆயுள் காப்பீட்டில் ஒரே ஒரு நிறுவனத்துக்குத்தான் வேலை செய்யலாம். பல நிறுவனங்களின் பாலிசிகளையும் விற்கிற புரோக்கர் என்றால் இன்னும் கெடுபிடி. 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி நேரடிப் புரோக்கர் நிறுவனத்துக்குக் குறைந்தது 75 லட்சம் ரூபாய் மூலதனம் வேண்டும், தன் தவறால் வாடிக்கையாளருக்கு நட்டம் வந்தால் ஈடுகட்டத் தனிக் காப்பீடும் எடுத்து வைத்திருக்க வேண்டும். இவ்வளவும் விற்கிறவருக்கு. உங்களிடமிருந்து பாலிசியை வாங்குகிறவருக்கோ, வாங்கித் தருகிறேன் என்று நடுவில் நிற்கிறவருக்கோ நம் நாட்டில் தனி லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. 'நாங்க ஐஆர்டிஏஐ அப்ரூவ்டு' என்று அவர் சொன்னால், எதற்கு அப்ரூவல் என்று கேட்டுப் பாருங்கள்.

லைசென்ஸ் என்பது கடிவாளம். நாங்கள் தப்புச் செய்தால் நிறுவனத்திடம் சொல்லலாம், ஆணையத்திடம் சொல்லலாம், சென்னையில் இருக்கிற காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் மனுக் கொடுக்கலாம். பாலிசி வாங்கிப் போனவர் ஏமாற்றினால் இந்த மூன்று கதவும் உங்களுக்குத் திறக்காது. போலீஸ் ஸ்டேஷனும் சிவில் கோர்ட்டும்தான் மிச்சம்.

அமெரிக்காவில் இதற்கென்றே லைசென்ஸ் இருக்கிறது. அங்கே இது பழைய கதை. பர்ச்சார்ட் என்பவர் அறுவைச் சிகிச்சைக்குப் பணமில்லாமல் தன் பாலிசியை 100 டாலருக்கு டாக்டரிடமே விற்றார். மீதிப் பிரீமியத்தை டாக்டர் கட்டுவதாக ஏற்பாடு. பர்ச்சார்ட் இறந்த பிறகு பணம் யாருக்கு என்று வழக்கு வந்து, 1911இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் பாலிசியும் ஒரு சொத்துதான், விற்கலாம் என்று சொன்னது. எண்பதுகளின் கடைசியில் எய்ட்ஸ் நோயாளிகள் வைத்தியச் செலவுக்காகப் பாலிசிகளை விற்கத் தொடங்க, அது பெரிய வியாபாரமாயிற்று, மோசடியும் கூடவே வந்தது. அதன் பிறகுதான் பெரும்பாலான மாநிலங்கள் சட்டம் போட்டன. வாங்குகிற நிறுவனத்துக்கு ஒரு லைசென்ஸ், புரோக்கருக்கு ஒரு லைசென்ஸ். புரோக்கர் விற்கிறவர் பக்கமே நிற்க வேண்டும், தனக்கு எவ்வளவு கமிஷன் என்பதையும் அவரிடம் சொல்லியாக வேண்டும். பணம் மூன்றாம் ஆளிடம் கட்டப்பட்டு, பாலிசி மாறியதும் விற்றவருக்குப் போகும். பணம் வாங்கிய பிறகு மனம் மாறினால், குறிப்பிட்ட நாளுக்குள் திருப்பிக் கொடுத்து ரத்து செய்யலாம். எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது இன்னொரு விதி. விற்றவரின் உடல்நிலையை விசாரிக்க வாங்கியவர் அடிக்கடி போன் செய்யக் கூடாது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆயுள் எதிர்பார்க்கப்படுகிறவர் என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான். அங்குள்ள மாநிலங்கள் பின்பற்றும் மாதிரிச் சட்டத்திலேயே இப்படி எழுதியிருக்கிறது. நீங்கள் எப்போது போவீர்கள் என்று கணக்குப் போடுகிற ஒருவர் உலகத்தில் இருப்பார் என்பதை அந்தச் சட்டம் மறைக்கவில்லை.

இப்போது நம் கணக்கு. உதாரணத்துக்கு, உங்கள் சரண்டர் மதிப்பு 2 லட்சம், ஆறு வருஷத்தில் முதிர்வு 5 லட்சம், வருஷப் பிரீமியம் 20,000 என்று வையுங்கள். வாங்குகிறவர் 2,15,000 தருகிறார். பிரீமியமாக 1,20,000 கட்டுவார். மொத்தம் 3,35,000 போட்டு 5 லட்சம் எடுப்பார். நடுவில் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பணமும் அவருக்கே, வீட்டுக்கு ஒன்றும் வராது. அசைன்மென்ட் பதிவான நிமிஷமே பழைய நாமினேஷன் சட்டப்படி ரத்து. மஞ்சள் பை அம்மாவுக்கு இது தெரியாது; நாமினி மகள்தானே என்று தைரியமாக இருந்தார்.

அதே பாலிசியை அடகு வைத்தால், நடப்பில் இருக்கிற பாலிசிக்குச் சரண்டர் மதிப்பில் 90 சதவீதம் வரை எல்ஐசியே கடன் தரும். 1,80,000 கையில், பாலிசியும் உங்களுடையதாகவே இருக்கும். வட்டியைக் கட்டாமல் விட்டால் ஏறிக்கொண்டே போய்ப் பாலிசியையே விழுங்கிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

எங்களுக்கு இதில் என்ன லாபம் என்று நினைப்பீர்கள். உண்மையில் நீங்கள் விற்றாலும் வாங்கியவர் பிரீமியம் கட்டுவார், எங்களுக்குக் கமிஷன் வரும். சரண்டர் செய்தால்தான் எங்களுக்கு நட்டம். அதனால் எங்கள் பேச்சைக் கொஞ்சம் நம்பலாம்!

எல்லாம் தெரிந்தும் விற்கத்தான் வேண்டும் என்றால், முழுப் பணமும் கைக்கு வராமல், மாற்றம் பதிவானதற்கு நிறுவனத்தின் எழுத்தும் வராமல் ஒரிஜினல் பாண்டை வாங்குகிறவரிடம் விடாதீர்கள். வெற்று அசைன்மென்ட் படிவத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். மனைவி மக்கள் பெயரில் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின்படி எடுத்த பாலிசியை விற்கவே முடியாது, அது அவர்கள் சொத்து. 'போனஸ் பாக்கி இருக்கு, ஐஆர்டிஏஐலேருந்து பேசறோம்' என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். ஆணையம் யாருக்கும் போன் செய்து பாலிசி விற்பதோ போனஸ் கொடுப்பதோ இல்லை. சந்தேகம் இருந்தால் அவர்களின் 155255 எண்ணில் நீங்களே கேட்கலாம்.

பாண்டையும் கடைசிப் பிரீமிய ரசீதையும் எடுத்து வாருங்கள். சரண்டர் மதிப்பு, கடன் தொகை, பெய்டு-அப் செய்தால், அதாவது இனிப் பிரீமியம் கட்டாமல் பாலிசியை அப்படியே வைத்திருந்தால், எவ்வளவு என்று மூன்றையும் ஒரே தாளில் எழுதித் தருகிறோம். காசு வேண்டாம். மத்தியானம் ஒன்றரை முதல் மூன்று வரை சாப்பாட்டு நேரம், ஞாயிறு விடுமுறை.

அன்புடன்,
உங்கள் காப்பீட்டு முகவர் அலுவலகத்தார்,
கும்பகோணம்